தடிப்பான ஒயில்தான் நல்லதா?



இம்மாதம் உங்களை எஞ்சினுக்குள் அழைத்துப் போகிறேன். எங்களில் பலர் இன்று லீசிங்கில் பட்டா வாகனம் எடுத்து, மீனும் மரக்கறியும் ஏற்றிப் பிழைக்கிறோம். எஞ்சின் நின்றால் அடுப்பும் அணைந்துவிடும். மாதக் கட்டுப்பணம் மட்டும் நிற்காது.

1990 இல் இடம்பெயர்ந்த நான், போர் முடிந்த பின்பே கீரிமலைக்குத் திரும்பினேன். கடன்பட்டு ஒரு பழைய டீசல் பட்டா வாங்கினேன். அது கொஞ்சம் நீலமாகப் புகைத்தது. "தடிப்பான ஒயில் விட்டால் புகை நிற்கும் அக்கா" என்று ஒரு கராச்சில் 20 டபிள்யூ 50 ஊற்றினார்கள். புகை குறைந்தது உண்மைதான். ஆனால் விடிய நாலு மணிக்குச் சுன்னாகம் சந்தைக்குப் புறப்படும்போது எஞ்சினின் மேற்பக்கம் கடகடத்தது. சிவப்பு ஒயில் விளக்கு அணையவும் நேரம் எடுத்தது. டீசலும் கூடச் செலவானது.

அயலில் உள்ள வயதான மெக்கானிக் ஐயா ஒரு கேள்விதான் கேட்டார்: "பிள்ளை, வாகனப் புத்தகத்தில என்ன போட்டிருக்கு?" அதில் இருந்தது 15 டபிள்யூ 40.

இந்த இலக்கங்கள் ஒயிலின் பாகுத்தன்மையைச் சொல்கின்றன. டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முன்னுள்ள எண் சிறிதானால், குளிரிலும் ஒயில் இளகி ஓடும். பின்னுள்ள எண், 100 பாகை செல்சியஸ் சூட்டில் ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பதைக் காட்டும். மார்கழி விடியலில் போத்தலுக்குள் உறைந்த தேங்காய் எண்ணெயை நினைத்துப் பாருங்கள். எஞ்சின் ஒயில் அப்படி உறையாவிட்டாலும், தடிப்புக் கூடினால் மேலே ஏறத் தாமதமாகும். அதுவரை இரும்போடு இரும்பு உரசும். மிக மெல்லியதானாலோ, பாரம் ஏற்றி வெயிலில் ஓடும்போது ஒயில் படலம் அறுந்துபோகும்.

பொருளாதாரத் தடைக் காலத்தில் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து, மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள் நாங்கள். கிடைத்ததை ஊற்றிச் சமாளித்த அந்தப் பழக்கம் இன்னும் கையைவிட்டுப் போகவில்லை. அன்று வேறு வழி இருக்கவில்லை. இன்று இருக்கிறது.

ஐயா தேடியபோது புகைக்குக் காரணம் தேய்ந்த வால்வு சீல் என்று தெரிந்தது. தடிப்பான ஒயில் நோயை மறைத்ததே தவிர, மாற்றவில்லை. சீலையும் ஒயிலையும் மாற்றிய பிறகு சத்தம் நின்றது.

நீங்கள் கவனிக்க வேண்டியவை:

• புத்தகம் ஆங்கிலத்தில் என்று அஞ்ச வேண்டாம். இலக்கத்தைப் பார்த்தால் போதும். அதைக் கடதாசியில் எழுதிக் கராச்சுக்குக் கொண்டுபோங்கள்.

• டீசல் எஞ்சினுக்கான ஒயிலா என்று கேட்டு, மூடி உடைக்காத கானை உங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள்.

• வாகனத்தைச் சமதரையில் நிறுத்தி, சில நிமிடங்கள் கழித்து அளவுக்கம்பியைப் பாருங்கள். ஒயில் இரண்டு குறிகளுக்கும் இடையில் நிற்கவேண்டும். டீசல் எஞ்சினில் ஒயில் கறுப்பது வழமை.

• ஓடும்போது சிவப்பு ஒயில் விளக்கு எரிந்தால் உடனே எஞ்சினை நிறுத்துங்கள்.

• கழிவு ஒயிலை மண்ணில் ஊற்றாதீர்கள். எங்களுடையது சுண்ணக்கல் நிலம். ஊற்றியது கிணற்றுக்குப் போய்விடும்.

"இந்த இலக்கம்தான் வேணும்" என்று கராச்சில் சொல்லக் கூச்சப்படாதீர்கள். வாகனமும் உங்களுடையது, கடனும் உங்களுடையது.