மோப்ப நாய் ஏன் பாதி வழியில் நிற்கிறது?

"மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. அது சிறிது தூரம் ஓடி நின்று விட்டது. யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை."

கொள்ளை, கொலைச் செய்தி எதைப் படித்தாலும் கடைசியில் இந்த மூன்று வரி இருக்கும். எழுதி எழுதி எங்களுக்குக் கை பழகிப் போச்சு. படித்துப் படித்து உங்களுக்குக் கண் பழகிப் போச்சு. "இந்த நாய்க்கு எதுக்குய்யா தீனிச் செலவு?" என்று டீக்கடையில் கிண்டல் வேறு!

கிண்டல் பண்ணுவது சுலபம். அந்த நாய் ஏன் நின்றது என்று யாராவது கேட்டது உண்டா?

திருடன் மோட்டார் சைக்கிளில் ஏறிப் பறந்திருந்தால், தடம் பெரும்பாலும் அங்கேயே அறுந்து விடும். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் மிதித்துத் தள்ளியிருந்தால், வாசனை குழம்பி விடும். இதெல்லாம் எல்லோரும் சொல்கிற காரணம். யாரும் சொல்லாத காரணம் ஒன்று இருக்கிறது. அதுதான் நாயின் மூச்சு!

இரைப்பா? மோப்பமா?

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்கு வியர்ப்பது பாதத்தில்தான், அதுவும் கொஞ்சம். உடம்புச் சூட்டை வெளியே தள்ள அதற்கு இருக்கும் பெரிய வழி, நாக்கைத் தொங்கப் போட்டு இரைப்பதுதான். சும்மா படுத்திருக்கும் நாய் நிமிடத்துக்கு 15 முதல் 30 தடவை மூச்சு விடும். சூடேறி இரைக்கும்போது அது 200-ஐத் தாண்டி விடும்.

மோப்பம் பிடிப்பது வேறு வேலை. மூக்கால் வினாடிக்கு ஐந்தாறு தடவை காற்றை உறிஞ்ச வேண்டும். வாயைப் பிளந்து இரைக்கிற நாயால் அதை ஒழுங்காகச் செய்ய முடியாது. உயிர் பெரிதா, திருடன் பெரிதா என்று வந்தால் நாய் உயிரைத்தான் பார்க்கும். நாம் மட்டும் என்ன செய்வோம்?

ஓடிப் பழகாத நாய்க்கு சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் இரைக்கும், சீக்கிரம் மூக்கு மங்கும். அமெரிக்காவில் வேட்டை நாய்களை வைத்தே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மூக்கு பிறவியில் வருவது. தெம்பு பழக்கத்தில் வருவது. தெம்பு இல்லாவிட்டால் மூக்கு இருந்தும் பிரயோஜனமில்லை.

இதனால்தான் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் 2012-ல் பிலடெல்பியா நகரில் வேலை நாய்களுக்கென்றே தனி மையம் திறந்தது. அங்கே மோப்பப் பயிற்சியோடு உடற்பயிற்சியும் பாடம். ஓடிக் களைத்த நாயை வாளித் தண்ணீரில் தலையை முக்கி எடுக்கப் பழக்கினால், சூடு மேலே ஏறாமல் உடனே அடங்குகிறது என்று கண்டுபிடித்துச் சொன்னவர்களும் அவர்கள்தான். ஒரு வாளி, ஒரு பந்து. பெரிய செலவா இது?

பவுடர் போட்டால் போதுமா?

போலீஸ் நாய்க்காவது தினமும் ஓட்டம் உண்டு. வீட்டு நாய்களின் கதைதான் பரிதாபம். ஆயிரக்கணக்கில் பணம் கொட்டி வாங்குகிறார்கள். அடுக்கு மாடி வீட்டு பால்கனியில் கட்டிப் போடுகிறார்கள். கண்காட்சி வந்தால் ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டி, சீவி, சிங்காரித்துக் கொண்டு போகிறார்கள். நடுவர் என்ன செய்வார்? "ஓட விடுங்கள்" என்பார். நாலு எட்டு ஓடியதுமே குட்டு உடைந்து விடும். தொடையில் சதை இல்லை. முதுகு ஆடுகிறது. ஷாம்பு என்ன செய்யும், பாவம்!

ராஜபாளையம் நாய்க்கு 2005-ல் தபால் தலையே போட்டார்கள். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் துரத்திய சாதி. ஓடப் பிறந்த உடம்பை மூன்றடிச் சங்கிலியில் கட்டுவது என்ன நியாயம்?

அது குற்றமும் கூட! எப்போதும் கட்டிப் போட்டோ அடைத்தோ வளர்க்கும் நாய்க்குப் போதிய உடற்பயிற்சி தராத எஜமானர் குற்றவாளி என்கிறது 1960-ம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டம். முதல் தடவை சிக்கினால் அபராதம் 50 ரூபாய் வரை என்று அப்போது வைத்தார்கள். இன்றைக்கு அது டீ, வடை காசு. எவன் பயப்படுவான்?

ஸ்கூட்டர் வீரர்களே!

இன்னொரு கூட்டம் இருக்கிறது. "எக்சர்சைஸ்" என்று சொல்லி ஸ்கூட்டரில் நாயைக் கட்டி இழுத்துக் கொண்டு போகிறவர்கள். நாய்க்கு "போதும்" என்று சொல்லத் தெரியாது. எஜமானரை விட்டுப் பிரியக் கூடாது என்று நுரை தள்ளுகிற வரை ஓடும். அதன் சாதாரண உடம்புச் சூடே 101, 102 டிகிரி. 106-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. சென்னை வெயிலில் அந்த நாலு டிகிரி ஏற எவ்வளவு நேரம் ஆகும்?

பழக்குவது எப்படி? விடியற்காலையில் நடையில் ஆரம்பிக்க வேண்டும். வாரா வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். ஒரு வயதுகூட ஆகாத குட்டியை விரட்டி விரட்டி ஓட்டினால், முற்றாத எலும்பு கெட்டுப் போகும். வயிறு முட்டத் தின்ற பெரிய நாயை உடனே ஓட விடக்கூடாது. இரைப்பை முறுக்கிக் கொள்ளும் ஆபத்து உண்டு. தார் ரோட்டில் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியாவிட்டால் அதன் பாதமும் தாங்காது.

போலீஸ் அதிகாரிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கூட்டம் மிதித்த பிறகு, உச்சி வெயிலில் மோப்ப நாயைக் கூப்பிட்டுப் பலன் இல்லை. தகவல் வந்ததுமே கூப்பிடுங்கள். குளிர்ந்த வண்டியில் கொண்டு வாருங்கள். வண்டியில் ஒரு வாளித் தண்ணீர் இருக்கட்டும்.

நாயின் காலுக்குத் தெம்பைக் கொடுங்கள். அதன் மூக்கு உங்களைத் திருடன் வீட்டு வாசலுக்கே கூட்டிப் போகும்!