பச்சிலையும் பட்டறிவும்

மரஞ்செடிகளின் இயல்பை அறிவது கல்விகளுள் சிறந்த ஒன்று. அக்கல்வி ஏட்டில் ஏறுமுன் மக்கள் நாவிலே வாழ்ந்தது. எழுதியவரைப் போற்றும் உலகம் எடுத்துரைத்தவரை மறந்துவிடுகிறது. இது முறையன்று.

இதற்குச் சென்னையே சான்று பகரும். பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் புனித ஜார்ஜ் கோட்டையில் அறுவை மருத்துவராக விளங்கியவர் சாமுவேல் பிரௌன் என்னும் ஆங்கிலேயர். அந்நாளில் கோட்டைக்குத் தெற்கே, மயிலாப்பூரையும் அடையாற்றையும் சூழ்ந்து தோப்பும் புதரும் மலிந்திருந்தன. இன்று தியாகராய நகர் விளங்கும் பகுதியில் பேரேரி ஒன்று பரந்து கிடந்தது. பிரௌன், சென்னையிலும் சுற்றுப்புறங்களிலும் செடிகளைத் திரட்டி உலர்த்தினார். அவற்றின் தமிழ்ப் பெயர்களையும் பயன்களையும் குறித்து, இலண்டனிலிருந்த ஜேம்ஸ் பெடிவருக்கு அனுப்பினார். அவற்றைப் பற்றிப் பெடிவர் 1698 முதல் அரச கழகத்தின் இதழில் எழுதி வந்தார்.

பெயரும் பயனும் செடியின்மேல் எழுதப்பட்டிருப்பதில்லை. அவற்றை இந்நாட்டார் கூறவே பிரௌன் அறிந்தார். அங்ஙனம் கூறியவர்களை இன்று அறிவார் யார்?

கூறியவர் பெயரையும் குறிக்கும் நன்மரபு அக்காலத்தில் இல்லாமற் போகவில்லை. கொச்சியில் ஆட்சி புரிந்த டச்சுத் தலைவர் வான் ரீட், மலையாள நாட்டுச் செடிகளைப் பற்றிப் பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட பெருநூலை உருவாக்கினார்; அது 1678 முதல் 1693 வரை வெளிவந்தது. தமக்குத் துணைநின்ற இட்டி அச்சுதன் என்னும் நாட்டு மருத்துவரின் சான்றுரையை, அம்மருத்துவரின் எழுத்து வடிவிலேயே முதல் தொகுதியில் பதிப்பித்தார். அதனால் அச்சுதன் பெயர் இன்றும் நிலவுகிறது.

‘நாட்டார் செடியைக் காட்டினர், ஆராய்ந்தவர் அயலாரே’ என்று சிலர் கருதலாம். அது பொருந்தாது. கீழாநெல்லி என்னும் பெயரை நோக்குக. இலைகளின் கீழே, நெல்லிக்கனி போன்ற சிறு காய்கள் வரிசையாக அமைந்த செடி அது. ஓங்கி வளரும் மரமாகிய நெல்லியோடு, ஒரு சாண் செடியை உறவுபடுத்திப் பெயரிட்டனர் நம் முன்னோர். இக்காலத் தாவர நூலாரும் அவ்விரண்டையும் ‘பில்லாந்தஸ்’ என்னும் ஒரே பேரினத்துள் அடக்குவர். கூர்ந்த ஆராய்ச்சி இன்றி இத்தகைய பெயர் பிறக்குமோ? முருங்கை ‘மொரிங்கா’ எனவும், புங்கு ‘பொங்கேமியா’ எனவும் தாவர நூலில் இடம்பெற்றமையும் இப்பெயர்களின் பெருமையைக் காட்டும்.

எனினும் குறை முழுவதும் அயலாருடையது அன்று. கடல் கடந்து வந்து, நோயும் வெயிலும் பொறுத்து, கேட்டவற்றை எழுதி வைத்த அவர்தம் உழைப்பு போற்றத்தக்கது. நம்மவரோ, ‘மருந்தை வெளியிற் சொன்னால் பலிக்காது’ என்று மறைத்தனர். தந்தை மகனுக்கும் உரையாது மாண்டபோது, பல தலைமுறைகளின் பட்டறிவு அவரோடு மாண்டது.

எழுதிவைத்தலின் பயனை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று விளக்கும். புண் ஆற்றுவதற்கு மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டியர் நன்கறிந்த முறை அது! இந்திய அறிவியல் தொழில் ஆராய்ச்சிக் குழு அதனை எதிர்த்து வழக்காடியது. ‘எங்கள் வீடுகளில் வழங்குவது’ என்னும் சொல் மட்டும் போதவில்லை; பழைய நூற்சான்றுகளைக் காட்டியபின் 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. ஏடு காத்தது, ஏடு இல்லாதவற்றை எது காக்கும்?

மயிலைக் கபாலீச்சரத்தின் தலமரம் புன்னை என்பதை அறிந்த மாணவருள், புன்னை இலையைக் கண்டு சொல்ல வல்லார் எத்தனை பேர்? மாடவீதியில் கீரை விற்கும் மூதாட்டி அறிந்த பெயர்களிற் பாதியையேனும் கற்றார் அறிவரோ? இளைஞர்கள் முதியோரை அணுகி, செடியின் பெயரையும் இயல்பையும் பயனையும் கேட்டு எழுதுதல் வேண்டும். அவற்றை அறிவியல் முறையில் ஆராய்ந்து மெய் காணுதல் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, கூறியவர் இன்னார் என்பதையும் அக்குறிப்பில் பொறித்தல் வேண்டும். அதுவே அறிவுடையார் செய்யும் நன்றிக்கடன்.