நடந்து வந்தவர்களின் கதை

குளிர்கால விடுமுறையில் நீங்கள் நெடுந்தூரம் போயிருப்பீர்கள். வண்டியில் கம்பளி இருக்கும், சாப்பாடு இருக்கும். திரும்பி வரும் நாளும் தெரியும். இவை எதுவும் இல்லாமல் கிளம்பியவர்களைத் தெரியுமா?

மியன்மாரில் உள்ள யாங்கோன் நகரத்தின் பழைய பெயர் ரங்கூன். அங்கே தமிழர்கள் பலர் வாழ்ந்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், கடை வைத்தார்கள். 1941 டிசம்பர் 23 அன்று ஜப்பானிய விமானங்கள் அங்கே குண்டு போட்டன. ஊரைவிட்டுப் போகக் கப்பலில் எல்லோருக்கும் இடம் கிடைக்கவில்லை. அதனால் இலட்சக்கணக்கான இந்தியர்கள் மலையும் காடும் தாண்டி இந்தியாவுக்கு நடந்தார்கள். பசியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே பல ஆயிரம் பேர் இறந்தார்கள். அவர்கள் எல்லோருடைய பெயரும் எங்கேயும் எழுதப்படவில்லை.

"இந்தச் சோகக் கதையெல்லாம் பிள்ளைங்களுக்கு எதுக்கு?" என்று சிலர் கேட்பார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அன்று பிள்ளைகளும்தானே நடந்தார்கள்! அது உங்களைப் போன்ற பிள்ளைகளின் கதை. யாரும் கேட்காவிட்டால், கதை தெரிந்தவரோடு கதையும் போய்விடும்.

உங்கள் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கலாம், தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கலாம். எந்த ஊராக இருந்தால் என்ன? "தாத்தா, நீங்க எப்படி இங்க வந்தீங்க? கையில என்ன கொண்டு வந்தீங்க?" என்று கேளுங்கள். அவருக்குச் சொல்ல மனமில்லையா? வற்புறுத்தாதீர்கள், இன்னொரு நாள் கேளுங்கள். சொன்னால், அதைத் தமிழில் எழுதி வையுங்கள். பெயர்களை மறக்காமல் எழுதுங்கள்.