அடையாற்றிலிருந்து படிக்கத் தொடங்குவோம்

புதிதாக வரும் மாணவத் தோழர்கள் முதலில் கேட்பது, "எதிலிருந்து படிக்கத் தொடங்குவது?" என்பதுதான். தத்துவம், வரலாறு, அரசியல், சமூகப் பிரச்சினைகள் என நான்கு தலைப்பு போட்டு, தலைப்புக்குப் பத்துப் புத்தகம் சொல்லிவிடுகிறோம். அந்தப் பட்டியல் கைபேசியிலேயே தங்கிவிடுகிறது. ஏப்ரல் 14-க்கு மாலை, டிசம்பர் 6-க்கு வீரவணக்கம், இடையில் வாசிப்பு இல்லை. எனவே இம்முறை ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். அடையாறு என்ற ஒரே ஊருக்குள் இந்த நான்கு பாடங்களும் இருக்கின்றன.

வரலாறு: பிரம்மஞான சபையின் கர்னல் ஆல்காட் 1894-இல் இங்கே பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். அவர் துணையோடு 1898-இல் இலங்கை சென்ற பண்டிதர் அயோத்திதாசர், பௌத்தம் ஏற்றுத் திரும்பி சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். ஆல்காட் 1907-இல் மறைந்தபின் அன்னி பெசன்ட் சபையின் தலைவரானார். ஒடுக்கப்பட்ட குழந்தைகளை மற்றக் குழந்தைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைக்கக் கூடாது என்று 1909-இல் 'இந்தியன் ரிவ்யூ' இதழில் எழுதினார். அந்தக் கட்டுரையை அம்பேத்கர் 1945-இல் தன் நூலில் எடுத்துவைத்து அம்பலப்படுத்தினார். ஆல்காட் பள்ளி இன்று இருக்கும் பகுதியின் பெயர் பெசன்ட் நகர். ஊர்ப் பெயர்களை யார் வைக்கிறார்கள் என்று கேட்டாலே முதல் பாடம் தொடங்கிவிடும்.

தத்துவம்: பறையர் எனப்பட்டோர் பூர்வ பௌத்தர்கள் என்றார் அயோத்திதாசர். தீண்டப்படாதோர் ஒருகாலத்தில் பௌத்தர்களாக இருந்தவர்கள் என்று 1948-இல் அம்பேத்கரும் எழுதினார். இருவரும் காட்டும் சான்றுகள் வேறு, போகும் வழியும் வேறு. கிண்டி காந்தி மண்டப வளாகத்தில் பண்டிதருக்கு மணிமண்டபம் வந்துவிட்டது. அங்கே போய் வணங்கலாம், தவறில்லை. ஆனால் அவர் வைக்கும் சான்றை எடை போட்டு, ஒப்பவோ மறுக்கவோ பழகுவதுதான் தத்துவப் படிப்பு. பௌத்தம் கேட்பதும் அதைத்தான்.

அரசியல்: வட்டமேசை மாநாட்டில் அம்பேத்கரோடு நின்றவர் நம் இரட்டைமலை சீனிவாசன். தனித்தொகுதி வேண்டாம், கூட்டுத்தொகுதி போதும் என்று மூஞ்சேயுடன் ஒப்பந்தம் செய்தவர் நம் எம்.சி.ராஜா. 1932 செப்டம்பர் 24-இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தானது. 148 இடங்கள் கிடைத்தன, தனி வாக்குரிமை போனது. இன்றைய ரிசர்வ் தொகுதியில் நம் உறுப்பினரின் வெற்றியை யார் வாக்கு தீர்மானிக்கிறது? இரு தலைவர்களையும் படிக்காமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

சமூகம்: 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின் அடையாற்றுக் கரைக் குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்குத் தூக்கியெறியப்பட்டன. அவர்களில் தலித்துகள் ஏராளம். வேலை ஒரு மூலையில், பிள்ளைகளின் பள்ளி ஒரு மூலையில். ஆற்றுக்கு இடையூறு என்று சொல்லிக் குடிசைகளை அகற்றினார்கள். அதே ஆற்றின்மேல் விமான நிலையத்தின் இரண்டாம் ஓடுபாதை இருக்கிறது. 1971-ஆம் ஆண்டின் குடிசைப் பகுதிகள் சட்டத்தின் பெயரில் மேம்பாடு, அகற்றல் என்ற இரண்டு சொற்களும் உண்டு. எந்தச் சொல் நடைமுறைக்கு வந்தது என்று சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாக்கம் மக்களிடம் கேளுங்கள்.

"களத்தில் வேலை கிடக்கிறது, படிக்க ஏது நேரம்?" என்பார்கள் சில தோழர்கள். பஞ்சமி நிலம் கேட்டு மனுவோடு போகிறோம். "எந்த ஆணைப்படி?" என்று அதிகாரி கேட்கிறார். 1892-இன் அரசாணையைப் படித்தவர் பதில் சொல்வார், படிக்காதவர் முழக்கமிட்டுத் திரும்புவார். முழக்கம் தேவைதான், ஆனால் மனு நிற்பது ஆதாரத்தின்மேல்.

படிப்பின் வலிமை நம்மைவிட எதிர்த்தரப்புக்கு நன்றாகத் தெரியும். அடையாற்றை ஒட்டியுள்ள ஐஐடியில் 2014-இல் அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம் தொடங்கியது. அந்த மாணவர்கள் செய்தது கூடிப் பேசியதும் துண்டறிக்கை அடித்ததும்தான். பெயரில்லாத ஒரு புகார்க் கடிதம் போதுமானதாக இருந்தது. 2015 மே மாதம் அங்கீகாரம் பறிபோனது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தபின் ஜூன் மாதம் திரும்பக் கிடைத்தது. வாசிப்பால் ஒன்றும் ஆகாது என்றால், பத்துப் பேர் கூடிப் படிப்பதற்கு ஏன் தடை போட வேண்டும்?

ஆகவே தோழர்களே, ஐந்து பேர் போதும். வாரம் ஒரு மணி நேரம், ஒரே ஒரு பிரதி. ஒருவர் படித்து வந்து பேச, மற்றவர் கேள்வி கேட்கட்டும். அடுத்த வாரம் வேறொருவர் பேசட்டும். பேசுவது ஆண்கள், தேநீர் வாங்கி வருவது பெண்கள் என்ற நிலை நம் வட்டத்தில் இருக்கக் கூடாது. ஆங்கிலம் வராது என்ற தயக்கமும் வேண்டாம். அம்பேத்கர் தமிழில் கிடைக்கிறார், அயோத்திதாசர் எழுதியதே தமிழில்தான். முதல் கூட்டத்துக்கு 'சாதியை ஒழிக்கும் வழி' நூலை எடுத்துக்கொள்ளுங்கள். 1936-இல் லாகூரில் பேச விடாமல் தடுக்கப்பட்ட உரை அது. யாரும் மேடை தராதபோது அம்பேத்கர் அதைத் தானே அச்சிட்டார். நமக்கு மேடை தேவையில்லை, ஒரு மரத்தடி போதும். இந்த ஞாயிறே உட்காருவோம்.