நிற்காத ரயில் யாருக்கு?

கோவில்பட்டி ரயில் நிலையம் 'அம்ரித் பாரத்' திட்டத்தில் சேர்க்கப்பட்டிருக்கிறது. 2024 ஆகஸ்டில் தொடங்கிய எழும்பூர்–நாகர்கோவில் வந்தே பாரத் ரயிலும் அங்கே நின்று போகிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் ரயில்வே நிர்வாகத்தை ஒன்று கேட்கிறோம்: நள்ளியில் ஏறுகிறவனுக்கும், குமாரபுரத்தில் இறங்குகிறவனுக்கும், கடம்பூரில் காத்து நிற்கிறவனுக்கும் என்ன வழி?

இந்தப் பாதை மக்களுக்காகப் போடப்பட்டதல்ல. 1876-ல் மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு ரயில் விட்ட வெள்ளையனின் கண் கரிசல் பருத்தியின் மேல் இருந்தது. பஞ்சுப் பொதி துறைமுகம் சேர வேண்டும், சீமைக்குக் கப்பலேற வேண்டும். அவ்வளவுதான் அவன் கணக்கு. அந்தக் கணக்கை மாற்றியவர்கள் மக்கள். வானம் பார்த்த பூமியின் சம்சாரி ஏறினான். மில் தொழிலாளி ஏறினான். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பெண் ஏறினாள். பஞ்சு வண்டி மக்கள் வண்டியாயிற்று.

இதே பாதையில்தான் 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் வாஞ்சிநாதனின் துப்பாக்கி வெடித்தது. கலெக்டர் ஆஷ் மாண்டான். இன்று அந்த நிலையம் வாஞ்சியின் பெயரைத் தாங்கி நிற்கிறது. கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி 'குமாரபுரம் ஸ்டேஷன்' என்றே ஒரு கதை எழுதினார். இலக்கியத்தில் இடம் பெற்ற ஸ்டேஷனுக்கு ரயில்வேயின் கால அட்டவணையில் இடம் வேண்டாமா?

நடந்ததை மறக்க முடியுமா? 2020 மார்ச்சில் கொரோனாவைக் காட்டிப் பாசஞ்சர் ரயில்களை நிறுத்தினார்கள். பிறகு 'சிறப்பு விரைவு வண்டி' என்று பெயர் மாற்றி, 10 ரூபாயாக இருந்த குறைந்தபட்சக் கட்டணத்தை 30 ரூபாய் ஆக்கினார்கள். வண்டி அதே வண்டி. வேகம் அதே வேகம். கட்டணம் மட்டும் மூன்று மடங்கு! போக வர 20 ரூபாயில் முடிந்த பயணத்துக்குத் தொழிலாளி 60 ரூபாய் எடுத்து வைக்க வேண்டியதாயிற்று. பழைய கட்டணம் திரும்பியது 2024 பிப்ரவரியில். இடையிலே பறித்த காசை யார் திருப்பித் தந்தார்கள்?

சிறு நிலையங்களில் வருமானம் இல்லை என்பார்கள். வேலை நேரத்துக்கு வண்டி விடாமல் வருமானம் எங்கிருந்து வரும்? விதைக்காத புஞ்சையில் விளைச்சல் கேட்பது போலல்லவா இருக்கிறது இந்த வாதம்!

இரட்டைப் பாதை வந்துவிட்டது. எதிர் வண்டிக்குக் காத்துக் கிடக்க வேண்டிய காலம் போயிற்று. ஆகவே நமது கோரிக்கை இதுதான்: மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் இடையே, ஆலை தொடங்கும் நேரத்திலும் ஆலை விடும் நேரத்திலும், எல்லா நிலையங்களிலும் நிற்கும் சாதாரணக் கட்டண ரயில் வேண்டும்.

தோழர்களே! ஊர் ஊராகக் கையெழுத்துத் திரட்டுங்கள். ஒவ்வொரு நிலையத்திலும் மக்களைக் கூட்டுங்கள். பளிங்குத் தரை போட்டால் மட்டும் நிலையம் ஆகிவிடாது. உழைப்பவன் ஏற ரயில் நின்றால்தான் அது நிலையம்.