தேக்கடிக் காட்டுப் பாதை

கோடை விடுமுறை பிறந்தவுடன் மதுரையிலிருந்தும் திண்டுக்கல்லிலிருந்தும் புறப்படும் வண்டிகள் கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து குமுளி மலை ஏறுகின்றன. ஏறியவர்கள் தேக்கடிப் படகுத் துறையில் வரிசையில் நிற்கிறார்கள். டிக்கெட் வாங்கி நீரில் ஒரு சுற்றுச் சுற்றி வருகிறார்கள். கரையில் யானை தென்பட்டால் கூச்சலிடுகிறார்கள். தென்படாவிட்டால் பணம் வீண் என்று முணுமுணுக்கிறார்கள். பிறகு காட்டைப் பார்த்துவிட்டோம் என்று ஊர் திரும்புகிறார்கள். அவர்கள் பார்த்தது காட்டின் வேலியை. காடு இருப்பது அந்தக் கரையிலிருந்து உள்ளே செல்லும் ஒற்றையடிப் பாதைகளில். அப்பாதைகளில் நடக்க யாருக்கு இடமுண்டு, வழிகாட்டுவோர் யாவர், அதனால் வரும் பொருள் யார் கையைச் சேர வேண்டும் என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம். இது உல்லாசப் பிரயாணிகளின் விஷயம், நமக்கென்ன என்று நேயர்கள் தாளைப் புரட்டிவிட வேண்டாம்.

அந்த ஏரி தானாக அமைந்ததன்று. 1886-ம் வருஷத்தில் திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் சென்னை ராஜதானியை ஆண்ட ஆங்கில சர்க்காருக்கும் இடையே 999 வருஷத்துக்கு ஒரு குத்தகை எழுதப்பட்டது. 8,000 ஏக்கர் நிலம் அதில் அடங்கியது. பென்னிகுயிக் என்னும் எஞ்சினீயரின் தலைமையில் 1887-ல் தொடங்கிய வேலை 1895-ல் முடிந்தது. மேற்கே ஓடிய பெரியாற்று நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியாகக் கிழக்கே திரும்பி வைகையோடு கலந்தது. வானத்தையே நம்பிக் கிடந்த பூமி நெல் விளைந்தது. கம்பம் பள்ளத்தாக்கின் குடியானவர்கள் இன்றும் அந்த எஞ்சினீயரின் பெயரால் பொங்கல் வைக்கிறார்கள், வைப்பது நியாயமே. அணையின் நீர்மட்டத்தைப் பற்றி இரண்டு ராஜ்யங்களுக்கும் உள்ள வழக்கை இங்கே நாம் கிளப்பப் போவதில்லை. அதற்கு வேறு நாள் உண்டு.

ஆனால் அந்த நீரின் அடியில் மூழ்கியது என்ன? தண்ணீர் வற்றும் மாதங்களில் ஏரிக்குள் கறுத்த மரக்கட்டைகள் தலை நீட்டி நிற்கும். 1895-க்கு முன் தழைத்து நின்ற மரங்கள் அவை. பாம்புத்தாராவும் நீர்க்காகமும் அவற்றின் மேல் அமர்ந்து சிறகு உலர்த்துவதைப் பிரயாணிகள் ஆசையோடு படம் பிடிக்கிறார்கள். மரங்களோடு மனிதருடைய இடமும் மூழ்கியது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் இல்லை. அந்தப் பள்ளத்தாக்குகளில் மன்னான் என்னும் ஆதிகுடிகள் வாழ்ந்துவந்தார்கள். தாங்கள் மதுரைப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய பரம்பரைச் செய்தி. நீர் ஏறியபோது அவர்கள் விலகினார்கள்; பின்னர் படிப்படியாகக் காட்டின் உட்புறத்தினின்றும் குமுளி ஓரத்துக்குக் கொண்டுவந்து குடியேற்றப்பட்டார்கள். காடு 1934-ல் மிருகங்களின் சரணாலயம் ஆயிற்று. ஏரி நடுவே மகாராஜாவுக்குக் கோடை மாளிகை எழுந்தது. 1978-ல் புலிகளுக்கென ஒதுக்கப்பட்டது. இப்போது அதன் விஸ்தீரணம் 925 சதுர கிலோமீட்டர். புலிக்கும் யானைக்கும் இடம் கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. காட்டை மிதித்து மிதித்தே பாதை உண்டாக்கிய மனிதன் மட்டும் அதே பாதையில் அகப்பட்டால் குற்றவாளியானான் என்பதுதான் நெஞ்சை உறுத்துகிறது.

காட்டை விட்டு ஜனங்களைத் துரத்தியதால் காடு பிழைத்ததா? பிழைக்கவில்லை. துரத்தப்பட்ட ஏழையைச் சந்தன வியாபாரியும் பட்டை வியாபாரியும் கூலிக்கு அமர்த்தினார்கள். வயணா என்னும் காட்டு இலவங்க மரத்தின் பட்டையை உரித்து இரவோடு இரவாகச் சுமந்து வருவது ஒரு தொழிலாயிற்று. உரிக்கப்பட்ட மரம் பட்டுப்போகும். வனக்காவலர் துரத்துவதும், இவர்கள் ஒளிவதும், வழக்கும், ஜாமீனும், வக்கீல் கடனும், அந்தக் கடனைத் தீர்க்க மறுபடியும் காட்டுக்குள் நுழைவதுமாக வருஷங்கள் கழிந்தன. லாபம் எல்லாம் ஊரில் உட்கார்ந்திருந்தவனுக்கு. சிறை எல்லாம் சுமந்தவனுக்கு.

1996 முதல் 2004 வரை நடந்த ஒரு திட்டத்தின்போது வனவிலாகா உத்தியோகஸ்தர் சிலருக்கு நல்ல புத்தி தோன்றிற்று. காட்டைத் தங்களைவிட நன்றாக அறிந்தவர்கள் இந்தப் பட்டை திருடுகிறவர்களே என்பதை அவர்கள் கண்டார்கள். அவர்களோடு சமாதானம் பேசினார்கள். கத்தியைக் கீழே வைத்தவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து, பிரயாணிகளைக் கால்நடையாக அழைத்துச் சென்று, காட்டில் கூடாரமடித்து ஓரிரு இரவு தங்கவைத்து, சமைத்துப் போட்டுத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்கும் வேலையை ஏற்றார்கள். அவர்கள் நடக்கும் நடையே காவலும் ஆயிற்று. எந்தப் புதரில் கண்ணி வைப்பார்கள், எந்த ஓடையோரம் கள்ளர் அடுப்பு மூட்டுவார்கள் என்பது பழைய கள்ளனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்? மன்னான்களும் பளியர்களும் இவ்விதமே வழிகாட்டிகளானார்கள். குமுளிப் பக்கத்துப் பெண்கள் 'வசந்த சேனை' என்று ஒரு கூட்டம் அமைத்து, கூலி வாங்காமல் முறை வைத்துக் காட்டோரம் சுற்றிச் சந்தன மரங்களைக் காத்தார்கள். துப்பாக்கியால் ஆகாதது நம்பிக்கையால் ஆயிற்று. கிராமந்தோறும் ஜனங்களிடமே பொறுப்பை ஒப்படைக்க வேண்டும் என்று பல காலமாக நாம் பேசிவரும் பேச்சுக்கு இதைவிட நல்ல சாட்சி நமக்கு அகப்படாது.

அந்த நடையை ஒருமுறை நடந்து பார்த்தவர்களுக்குப் படகுச் சவாரி பிறகு ருசிப்பதில்லை. காலையில் மூங்கில் தெப்பத்தில் ஏரியின் ஒரு கையைக் கடக்க வேண்டும். அட்டை ஏறாமலிருக்க முழங்கால் வரையில் துணியுறை கட்டிவிடுவார்கள். மழைக்காலத்தில் அப்படியும் ஒன்றிரண்டு ஏறிவிடும். வழிகாட்டி முன்னே போகிறார். அவர் பேசுவதில்லை, கையைத் தூக்கினால் நிற்க வேண்டும். ஈர மண்ணில் காட்டெருதின் குளம்பைக் காட்டுகிறார். மரப்பட்டையில் கரடியின் நகக் கீறலைக் காட்டுகிறார். மேலே மலையணில் கிளைக்குக் கிளை தாவுகிறது, கருமந்தி உறுமுகிறது, இருவாட்சி பறந்தால் சிறகின் இரைச்சல் மரத்துக்கு மேலே கேட்கிறது. யானை லத்தி சுடுகிறதா ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு வேறு பாதையில் திருப்பி விடுகிறார். பள்ளிக்கூடம் காணாத அந்த மனிதருக்குப் பின்னால் பட்டதாரிகள் வாய்மூடி நடக்கும் காட்சியைக் காண்பதற்கென்றே நாம் தேக்கடிக்குப் போகலாம்.

குறையும் உண்டு. இந்த நடைகளுக்கு விதிக்கும் கட்டணம் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுவதாக இல்லை. அந்நிய தேசத்தாரும் பணக்காரரும் காட்டுக்குள் நடக்க, தறிக்காரரும் தொடக்கப்பள்ளி ஆசிரியரும் படகு வரிசையில் நிற்கிறார்கள். தமிழ்நாட்டு சர்க்கார் 2024 அக்டோபரில் 40 மலைப்பாதைகளைத் திறந்து, அந்தந்த இடத்து மலைவாழ் இளைஞர்களை வழிகாட்டிகளாக அமர்த்தியது போற்றத் தக்க காரியம். அங்கும் கட்டணம் மிகுதி என்ற முறையீடு எழாமலில்லை. கூட்டம் பெருகினால் காடு கெடும் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆகையால் எண்ணிக்கையைக் குறையுங்கள். ஆனால் குறைப்பதற்குப் பணத்தை அளவுகோலாக வைக்காதீர்கள். முன்பதிவு வரிசையைக் கொண்டு குறைக்கலாம். வாரத்தில் சில நாட்களைப் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கலாம்.

இனி, பாதைகளையே மூடிவிட வேண்டும் என்னும் கட்சியார் இருக்கிறார்கள். அவர்கள் மூன்று துக்கங்களைச் சுட்டிக் காட்டுவார்கள். 2009 செப்டம்பர் 30-ந் தேதி இதே தேக்கடி ஏரியில் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டார்கள். 2011 ஜனவரி 14-ந் தேதி, மகர ஜோதி கண்டு திரும்பிய ஐயப்ப பக்தர்கள் புல்மேட்டில் நெரிசலில் சிக்கி நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அவர்களில் தமிழ்நாட்டாரும் பலர். 2018 மார்ச் 11-ந் தேதி தேனி ஜில்லா குரங்கணி மலையில் காட்டுத்தீ சூழ்ந்து, மலையேறச் சென்றவர்களில் 23 பேர் பலியானார்கள். பெண்கள் பலர், எல்லோரும் வாழ வேண்டிய வயதினர். அவர்களை நினைத்து நாமும் கண்ணீர் விட்டோம். ஆனால் இம்மூன்றிலிருந்தும் கற்க வேண்டியது என்ன? முதலாவது நடந்தது பாதையிலன்று, ஆபத்தில்லாதது என்று எல்லோரும் நம்பும் படகில். இரண்டாவதில் இருட்டில் பெருங்கூட்டம் நெருக்கியடித்து இறங்க நேர்ந்தது. மூன்றாவது, புல் காய்ந்து தீப்பற்றும் பருவத்தில் நேர்ந்தது. அந்தப் பருவத்தில் மலையை அடைத்துவிடுவது சரியே. அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. மற்றக் காலங்களில் சிறு கூட்டமும், காட்டை அறிந்த வழிகாட்டியும், அவர் சொல்லை மீறாத ஒழுங்கும் இருந்தால் போதும். கதவைப் பூட்டிவிட்டால் நல்லவன் திரும்பிப் போவான். பட்டை உரிப்பவன் வேலியைத் தாண்டிப் போவான்.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. வழிகாட்டும் வேலை கொடுத்துவிட்டோம், இனி மலைவாசிகளுக்கு என்ன குறை என்பது அது. வேலை வேறு, உரிமை வேறு. 2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம் காட்டில் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தவர்களுக்கு நிலத்திலும் விளைபொருளிலும் பாத்தியதை உண்டென்று ஒப்புக்கொண்டது. வழிகாட்டிக்குக் கொடுக்கும் தினக்கூலியைக் காட்டி அந்தப் பாத்தியதையைத் தட்டிக் கழிக்க யாரும் முயலக் கூடாது.

இக்காட்டில் தமிழர்களுக்கென்றே ஒரு பாதையும் உண்டு. எல்லை மேட்டிலுள்ள மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குக் கூடலூரை அடுத்த பளியன்குடியிலிருந்து மலையேறும் நடைபாதை அது. வருஷத்தில் ஒரு நாள், சித்ரா பௌர்ணமியன்று, கோயில் திறக்கிறது. வசதியுள்ளவர் குமுளிக்குச் சென்று ஜீப்பில் ஏறுகிறார். வசதியற்றவரும் வேண்டுதல் உள்ளவரும் இந்தப் பாதையில் நடக்கிறார்கள். வயதானவர்கள் வெயிலில் கற்களின் மேல் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுகிறார்கள். தேனி, இடுக்கி ஜில்லாக் கலெக்டர்கள் ஆண்டுதோறும் கூடி அந்நாளுக்கான ஏற்பாடுகளைப் பேசுகிறார்கள். அடுத்த முறை அவர்கள் கூடும்போது இந்த நடைபாதையைத் தனி விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டும். பளியன்குடிப் பளியர்களையே அன்றைக்கு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் நியமித்து, நியாயமான கூலி கொடுக்க வேண்டும். ஏற்றத்தில் இரண்டு மூன்று இடங்களிலாவது குடிநீர் வைக்க வேண்டும். கோயிலுக்குப் போகிறவர்கள் பிளாஸ்டிக் குப்பையைக் கொண்டுபோகாதிருக்க வேண்டியது நம்முடைய பொறுப்பு. அதை சர்க்கார்மீது சுமத்துவதற்கில்லை.

தேக்கடியின் வரவு செலவும் ஒளிவில்லாமல் வெளியாக வேண்டும். ஒவ்வொரு நடைக்கும் பிரயாணி கொடுக்கும் ரூபாயில் வழிகாட்டிக்கு எவ்வளவு, குடியிருப்பின் பொதுநிதிக்கு எவ்வளவு, விலாகாவுக்கு எவ்வளவு என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதி, டிக்கெட் விற்கும் இடத்திலேயே பலகையில் மாட்ட வேண்டும். குமுளி நண்பர்கள் இதை முதலில் கேட்கட்டும். பதில் வந்தாலும் வராவிட்டாலும் நமக்கு எழுதினால், இதே பக்கத்தில் வெளியிடுவோம்.