மலையோடு சேர்ந்ததுதான் குடைவரை

மதுரை மாவட்டம் மேலூருக்கு அருகே அரிட்டாபட்டியின் கழிஞ்சமலையில் பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை ஒன்று இருக்கிறது. மேற்குப் பார்த்த சிறிய கருவறை. வாயிலின் இருபுறமும் காவலர்கள். அவர்களைத் தாண்டி ஒரு மாடத்தில் பிள்ளையார், இன்னொன்றில் கையில் தண்டத்தோடு அமர்ந்த இலகுலீசர். குஜராத்தின் காரோகணத்தோடு சேர்த்துச் சொல்லப்படும், பாசுபதம் என்ற சைவப் பிரிவின் ஆசான் அவர். தமிழகத்தில் அவர் சிற்பம் அரிது. ஏறக்குறைய 8ஆம் நூற்றாண்டிலேயே அந்தச் சமயம் இத்தனை தெற்கே வந்து வேர்பிடித்திருந்ததற்கு இந்தப் பாறை சாட்சி.

அதே மலையில் இயற்கையாய் அமைந்த குகைத்தளம் இன்னும் மூத்தது. அங்கே தங்கிய சமணத் துறவிகளுக்குக் கொடை தந்தவர்களின் பெயர்கள் கிறிஸ்துவுக்கு முந்தைய தமிழ்ப் பிராமி எழுத்தில் நிற்கின்றன. பின்னாளில் தீர்த்தங்கரர் சிற்பமும் வட்டெழுத்தும் வந்து சேர்ந்தன. சமணமும் சைவமும் வாதிட்டுப் பகைத்த கதைகளை நிறையப் படித்திருக்கிறோம். ஒரே மலையில் அடுத்தடுத்துக் குடியிருந்ததைப் போய்ப் பார்த்தவர்கள் குறைவு.

குடைவரை எப்படி உருவாகிறது என்பதை மாமல்லபுரத்தில் பாதியில் நின்ற குகைகளில் பார்க்கலாம். பாறை முகப்பில் கோடு கோடாகப் பள்ளம் வெட்டிக் கட்டம் கட்டமாகப் பிரித்திருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்தையும் உளியால் தட்டி எடுத்திருக்கிறார்கள். தூணை யாரும் நிறுத்தவில்லை. தூணாக நிற்க வேண்டியதை விட்டுவிட்டு மீதியை அப்புறப்படுத்தினார்கள். ஓர் அடி பிசகினால் வேறு கல்லை வைக்க வழியில்லை. கூரையும் மலை, சுவரும் மலை, சாமியும் மலை.

நம் தொல்சின்னப் பாதுகாப்புச் சட்டமோ கட்டடத்தை மனத்தில் வைத்து அளக்கிறது. மத்திய அரசின் பாதுகாப்பில் உள்ள சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை, அதற்கப்பால் 200 மீட்டர் கட்டுப்பாடு. 2010 திருத்தம் சட்டத்தில் ஏற்றிய கணக்கு இது. ஊருக்குள் நிற்கும் கோபுரத்துக்கு இது உதவும். மலைக்குப் போதாது. அடுத்த சரிவில் வைக்கும் வெடி இந்தச் சரிவின் பாறையையும் அதிர வைக்கும். பாறைப் பிளவுகளில் மழைநீர் இறங்கும் போக்கு மாறினால் சிற்பத்தின் முகமே அரிக்கும். மேலூர் அருகிலேயே உள்ள கீழவளவில் சமணச் சின்னங்கள் உள்ள மலை தப்பியது. சுற்றியிருந்த குன்றுகளைக் கிரானைட் குவாரிகள் தின்றுவிட்டன.

அரிட்டாபட்டிக்கும் அந்த ஆபத்து நெருங்கி வந்தது. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் என்று அரசு அறிவித்த ஊர் அது. இரண்டே ஆண்டில், அவ்வட்டாரத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. மேலூர்ப் பகுதிக் கிராமங்கள் கொதித்தெழுந்தன. விவசாயிகள் மதுரை வரை பேரணியாக நடந்தார்கள். 2025 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. சின்னத்தைக் காத்தது சட்டத்தின் 100 மீட்டர் அல்ல, ஊரார். மலையின் சுனைகளையும் கண்மாய்களையும் நம்பி விதைப்பவர்கள் அவர்கள். குடைவரையும் அதனால் பிழைத்தது.

ஒவ்வொரு முறையும் ஊரே வீதிக்கு வர வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். குடைவரையோ சமணப் படுக்கையோ உள்ள ஒவ்வொரு குன்றையும் அடிவாரம் முதல் உச்சி வரை அளந்து, முழு மலையையும் ஒரே சின்னமாக அறிவிக்க வேண்டும். அதன் எல்லைக்குள் குவாரிக்கும் சுரங்கத்துக்கும் உரிமம் கிடையாது என்பது வருவாய்ப் பதிவேட்டிலேயே ஏற வேண்டும். கேட்பதற்கு ஊரே இல்லாத தனிக் குன்றுகளிலிருந்து அந்த வேலையைத் தொடங்கலாம்.